காற்று எடுக்கிற நேரம்

டீசல் பில்டர் தலையில் இருந்த பம்ப்பை அமுக்கினால் அமுங்கியது, அவ்வளவுதான். எதிர்த்துத் தள்ளவில்லை. கெட்டிப்பட வேண்டும். இருபது அமுக்குக்குள் கட்டைவிரலுக்குக் கீழே அது கெட்டிப்பட்டுவிடும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார் என்றால் துளசிமணியிடம் இல்லை, தாராபுரம் ரோட்டில் நின்றுபோன யாரோ ஒரு டிரைவருக்குப் போனில் சொன்னது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி கேட்டது. டீசல் பில்டரை மாற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துகொள்ளும், காற்று இருக்கிற வரைக்கும் வண்டி எடுக்காது, பில்டர் தலையில் இருக்கிற குட்டி ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்திவிட்டு மேலே இருக்கிற குமிழை அமுக்கிக்கொண்டே இரு, நுரை நுரையாக வரும், நுரை நின்று வெறும் எண்ணெய் வரும்போது ஸ்க்ரூவை இறுக்கு. எல்லாம் ஞாபகம் இருந்தது. இருபத்தாறு வருஷம் ஒரு டாக்ஸி டிரைவரோடு குடும்பம் நடத்தினால் இதெல்லாம் காதில் விழுந்து தங்கிவிடுகிறது, வேண்டாம் என்றாலும். பதினேழு, பதினெட்டு. ஸ்டவ்வுக்கு இப்படித்தான் அமுக்குவோம், அந்தப் பித்தளை பம்ப் ஸ்டவ், அதற்குக் காற்று வேண்டும், காற்று ஏற ஏறத்தான் எரியும். இதற்குக் காற்றுதான் ஆகாது. ஒன்றுக்கு உயிர் கொடுப்பது இன்னொன்றுக்கு எமன். இருபது. கெட்டிப்படவில்லை. ஒருவேளை எண்ணியது தப்போ. நடுவில் வெங்காயத்தை நினைத்தபோது இரண்டு மூன்றை விட்டிருப்பாள். மறுபடியும் ஒன்று.

பானட் அவள் தலைக்கு மேல் திறந்து நின்றது, கம்பி விலகினால் பிடரியில் விழும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது, உடனே கம்பியைத் தொட்டுப் பார்த்தாள், நன்றாகத்தான் நின்றது, இருந்தாலும் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். மணி எட்டு ஐம்பது. ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டும். உள்ளே கட்டிலில் அவர் மல்லாந்து படுத்திருந்தார், வலது கண்ணில் வெள்ளை மூடியும் பிளாஸ்திரியுமாக. போன வியாழக்கிழமை புரை எடுத்தார்கள். குனியக் கூடாது, தும்மக் கூடாது, ஒரு மாசத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே அவருடைய அண்ணன் மகன் லோகநாதன் சொன்னான், "சித்தப்பா, கண்ணு ஆகற வரைக்கும் வண்டியை நான் ஓட்டிக்கறேன். சித்தி பாவம், இதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு." அவன் நல்லவன்தான், அதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். துளசிமணி வாயைத் திறந்து, "நானே ஓட்டிக்கறேன்" என்றாள். யார் பேசியது என்று அவளே திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆகிறது, காங்கேயத்துக்குள்ளேயே சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டியதோடு சரி. அவர் மூடாத கண்ணால் இரண்டு பேரையும் பார்த்தார். "செவ்வாக்கெழமை செக்கப்புக்கு அவளே என்னைய ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டும். போயிட்டு வந்துட்டாச் சாவி அவகிட்ட. வண்டி வழியில நின்னாலும் சரி, வாசல்லயே நின்னாலும் சரி, சாவி உங்கிட்ட. போதுமாடா?" போதும் என்றான் லோகநாதன். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஒன்பதரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று காலையிலேயே போன் பண்ணிவிட்டான்.

இருந்த வண்டியை இருந்தபடி விட்டிருக்கலாம். நேற்றுச் சாயங்காலம் அது நன்றாகத்தான் ஓடியது. முத்தூர் பிரிவில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு இழுப்பு, விக்கல் எடுத்த மாதிரி. வேறு யாராவது என்றால் கவனித்தே இருக்க மாட்டார்கள். அவளுக்கு அந்த விக்கல் ராத்திரி பூராவும் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பில்டர் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் தாண்டிவிட்டது என்று அவர் போன மாசமே சொன்னார், புதுப் பில்டர்கூட வாங்கி வைத்தார், அதற்குள் கண் ஆபரேஷன் வந்துவிட்டது. ஈரோடு போகிற வழியில் அரச்சலூர் மேட்டில் ஏறும்போது விக்கினால் என்ன செய்வது, பின்னால் பஸ் வரும், பஸ்காரன் ஹாரனிலேயே கையை வைத்துக்கொண்டு நிற்பான், அவர் இறங்கித் தள்ள முடியாது, குனியவே கூடாது. இப்படி யோசித்து யோசித்து, காலை ஏழரைக்கு, யாரிடமும் சொல்லாமல், ஷெட்டில் ஸ்பானர் பெட்டியைத் திறந்தாள். நின்றுவிடுமோ என்று பயந்துதான் கழற்றினாள், கழற்றியதால்தான் நின்றுவிட்டது. இதை லோகநாதன் அறுபது வயசு வரைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பான். பதினொன்று, பன்னிரண்டு. ஆனால் பழைய பில்டர் கழன்ற அந்த நேரம். சங்கிலிப் பிடியை மாட்டி ஒரு இழு இழுத்ததும் அது முதலில் அசையாமல், பிறகு கிர்ரென்று ஒரு நூல் நகர்ந்து, அதற்கப்புறம் கையாலேயே சுற்றச் சுற்ற வந்ததே, அப்போது அவள் தன்னை அறியாமல் சிரித்துவிட்டது உண்மை. கிண்ணத்தில் கவிழ்த்தபோது அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது, கறுப்பாகக் கசடு. விக்கலுக்குக் காரணம் அதுதான், அவள் நினைத்தது சரி, ஒரு ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தது வீணில்லை. கவலைப்படுவதைத் தவிர உனக்கு வேறு வேலை தெரியுமா என்று கேட்கிற ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு அந்தக் கிண்ணத்தைக் காட்ட வேண்டும்போல இருந்தது.

"துளசி." உள்ளேயிருந்து அவர். "என்ன அங்க சளப் சளப்புனு?"

"ஒண்ணுமில்லீங்க மாமா."

"துணி தொவைக்கறயா?"

"ஆமாங்க."

"சொட்டு மருந்துக்கு மணி ஆச்சல்ல."

ஆமாம், ஒன்பது மணிச் சொட்டு. கையெல்லாம் டீசல். டீசல் கையோடு கண் பக்கம் போனால் டாக்டரம்மா அவளைத்தான் உள்ளே பிடித்துப் போடுவார். ஸ்க்ரூவை அப்படியே விட்டுவிட்டுத் தொட்டிக்குப் போனாள், போன பிறகு ஸ்க்ரூ உருண்டு விழுந்திருக்குமோ என்று திரும்பி வந்து பார்த்தாள், இருந்தது, மறுபடியும் போனாள். சோப்பை இரண்டு தடவை போட்டாள். தண்ணீர் கையில் நிற்காமல் உருண்டு உருண்டு ஓடியது, எண்ணெய்க் குளியல் அன்றைக்கு ஓடுகிற மாதிரி. இன்னொரு அதிசயம், வலது கட்டைவிரலில் வெடிப்பு ஒன்று, பனி போன பிறகும் ஆறாமல் இருப்பது, காலையில் பழைய பில்டரைக் கழற்றும்போது டீசல் பட்டு மிளகாய் அரைத்த மாதிரி எரிந்தது, இப்போது எரியவே இல்லை. மெத்தென்று இருந்தது. வேலை செய்தால் வலி மறந்துவிடும்போல என்று நினைத்துக்கொண்டாள், அந்த நினைப்பே அவளுக்குப் பிடித்திருந்தது, அடுத்த தடவை எண்ணெய் மாற்றுவதையும் நாமே செய்தால் என்ன என்று கூடத் தோன்றியது, முதலில் இது எடுக்கட்டும் என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

அவர் மூடியைத் தானாகவே கழற்றிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண் சிவந்து, ஆனால் தெளிவாக இருந்தது, கழுவி வைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி. இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டாள். கண்ணை மூடிக்கொண்டார், ஐந்து நிமிஷம் திறக்கக் கூடாது. இவள் கையை எடுப்பதற்குள் அவர் மூக்கு அந்தக் கையின் பின்னாலேயே இரண்டு விரல்கடை வந்தது.

"தலைக்கு எண்ணெய் வெச்சயா?"

"இல்லீங்களே."

"கையில தேங்கெண்ணெ வாசம் வருது."

இன்றைக்கு அவள் தேங்காய் எண்ணெயைத் தொடவே இல்லை. நேற்றுத்தான் மில்லில் இருந்து ஆள் ஐந்து லிட்டர் கேனைக் கொண்டுவந்து கொடுத்தான், வாங்கிக்கொண்டு போய், போய், எங்கே வைத்தாள், வண்டியை ஒதுக்கிக்கொண்டிருந்ததால் ஷெட்டிலேயே ஓரமாக வைத்தாள். வெள்ளைக் கேன். டீசல் கேனும் வெள்ளைக் கேன், அது எண்ணெய்க் கேனாக இருந்து காலியாகி டீசலுக்குப் போனதுதான், இந்த வீட்டில் எல்லாக் கேனும் அப்படித்தான். புதுப் பில்டருக்குள் எண்ணெய் ரொப்பித்தான் மாட்டோணும், வெறுமனே மாட்டினால் காற்று அதிகம் நிற்கும் என்று அந்தத் தாராபுரம் ரோட்டுப் போனில் சொன்னதை மறக்காமல், கேனில் எழுத்தைப் பார்த்தே, பார்த்து, படித்து, அப்புறம்தான் புனல் வைத்து ஊற்றினாள். எண்ணெய் என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்து, கேனை மில்லுக்குக் கொடுத்தனுப்பும்போது எழுதியது. டீசல் கேனிலும் எண்ணெய் என்றுதான் எழுதியிருக்கும், அது அவர் கையெழுத்து. கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் 'எண்ணெய் போட்டுட்டு வந்தர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போனார், இவள் உளுந்து ஆட்டி, அடுப்பை மூட்டி, சட்டியை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள், எட்டு மணிக்கு வெறும் கையோடு வந்து நின்றார். எண்ணெய் எங்கே என்றதற்கு, "டேங்க்லதான்" என்றார். டிரைவர்களுக்கு டீசல்தான் எண்ணெய். வடைக்கு எண்ணெய் வாங்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். இத்தனை வருஷமாக ஒரே வார்த்தையை இரண்டு பேரும் இரண்டு பாத்திரத்தில் வைத்துக்கொண்டு குடித்தனம் செய்து, யாருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை பார்த்து, ஒன்பதே காலுக்கு.

"மாமா." அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். "வண்டிக்குத் தேங்கெண்ணெ ஊத்துனா ஓடுமாங்க?"

கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டார். "ஏன், தலைக்கு டீசல் தேச்சுட்டயா?"

"சும்மாத்தான் கேட்டேன்."

"காலையில இருந்து பானட்டுக் கம்பி கிறீச்சுங்குது, சங்கிலிப் பிடி விழுகுது, பம்ப்பு சளப்புங்குது. கண்ணைத்தான் அறுத்தாங்க, காதை அறுக்கல. எவ்வளவு ஊத்துன?"

"பில்டர் ரொம்பற வரைக்கும்."

அவருடைய வயிறு குலுங்க ஆரம்பித்தது. முதலில் அழுகிறாரோ என்று நினைத்தாள். "சிரிக்காதீங்க, சிரிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"தும்மக் கூடாதுன்னாங்க. சிரிக்கறதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அவர் கை படுக்கையில் எதையோ தேடியது. தலையணைக்குப் பக்கத்தில் போன் கிடந்தது, கை அதை நோக்கித்தான் போனது. துளசிமணி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லோகநாதனுக்குத்தான். சரி, அதுவும் நியாயம்தான், வாசலிலேயே நின்றாலும் சாவி அவனுக்கு என்றுதானே பேச்சு. ஒரு மாசம்தானே, ஒரு மாசம் வீட்டுக்குள் இருந்துவிடலாம், முன்னே இருந்த மாதிரி, ஜன்னல் வழியே வண்டி கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு. முன்னே அப்படி இருந்தபோது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. இப்போது அந்த ஜன்னலை நினைக்கவே பிடிக்கவில்லை. கை போனைத் தாண்டிப் போய்க் கறுப்புக் கண்ணாடியை எடுத்தது.

"பிடி, எந்திரிக்கறேன். இந்த வெயிலுக்குத் தேங்கெண்ணெ ஓடும். மார்கழியா இருந்தா ஒறஞ்சு நின்னுருக்கும், உன் அதிர்ஷ்டம் சித்திரை. கழட்டி மறுக்கா டீசல் ஊத்தலாமுன்னு மட்டும் நெனைக்காத, மறுக்காக் காத்துப் புகுந்துக்கும். கெட்டிப்பட்டுச்சா?"

"இல்லீங்க. நாப்பது அமுக்குனேன்."

"இது கொழகொழன்னு மெதுவாத்தான் ஏறும். நூறு அமுக்கு."

அவரை வாசல்படியில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, வெயில் முகத்தில் படுகிறதா என்று பார்த்து, நாற்காலியை அரை அடி நகர்த்தி, மறுபடி அமுக்கத் தொடங்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திருப்பி வைத்திருந்தார். ஐம்பது. எண்ண வேண்டாம் என்று தோன்றியது, எண்ணாமல் அமுக்கினாள், எண்ணாமல் இருக்க முடியாமல் எண்ணினாள். ஸ்க்ரூவின் ஓரத்தில் நுரை கசிந்தது, பொரித்தெடுக்கும் சட்டியில் கடைசியாக நிற்குமே அந்த மாதிரிச் சின்னச் சின்ன முத்து நுரை, வெடித்து வெடித்து அடங்கியது. எழுபது. இத்தனை நாள் இந்த இரும்புக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பானட்டைத் திறந்தால் கறுப்பாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும், யார் யார் என்று தெரியாத சொந்தக்காரர் வீடு மாதிரி. இப்போது இதோ இந்தக் குழாய் பின்னாலிருந்து எண்ணெய் கொண்டுவருகிறது, இது பில்டர், இது வழியாகப் பெரிய பம்ப்புக்குப் போகிறது, அங்கிருந்து நாலு மெல்லிய குழாய், நாலு வாய்க்கு நாலு ஊட்டு. ஒவ்வொருத்தருக்கும் பேர் வந்துவிட்டது. எண்பத்தி நாலு. கட்டைவிரலுக்குக் கீழே ஏதோ மெல்ல எழுந்து நின்றது. அமுக்கினாள், அது திருப்பித் தள்ளியது. பால் இறங்கிய மடி மாதிரி விண்ணென்று.

"மாமா, கெட்டியாயிருச்சு."

"கேட்டுச்சு. அமுக்கிப் பிடிச்சுட்டே ஸ்க்ரூவை இறுக்கு. ரொம்ப இறுக்காத, பித்தளை, திருகிக்கும்."

ரொம்ப என்றால் எவ்வளவு. தேங்காய்த் துருவிக்கா, குழாய்க்கா. நல்லெண்ணெய்ப் பாட்டில் மூடிக்கு இறுக்குகிற அளவு என்று அவளே முடிவு செய்து இறுக்கி, துணியால் துடைத்து, கசிகிறதா என்று பார்த்து, கசியவில்லை, ஸ்பானரை உள்ளேயே விட்டுவிட்டேனா, இல்லை, கையில்தான் இருந்தது. பெல்ட் பக்கம் துணி கிடக்கிறதா. இல்லை. உட்கார்ந்து சாவியைப் போட்டாள். டாஷ்போர்டில், என்ஜினுக்குள் சூடேறும் வரைக்கும் நிற்கிற அந்தச் சுருள் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"ஹீட்டர் வெளக்கு அணையட்டும். அணைஞ்சதும் எடுத்துராத, சாவிய ஆப் பண்ணிட்டு இன்னொருக்காப் போடு. ரெண்டு சூடு வாங்குனாத்தான் தேங்கெண்ணெ மசியும்."

போட்டாள், அணைந்தது, போட்டாள், அணைந்தது. தெருவில் பைக் ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மணி ஒன்பது இருபத்தெட்டு. லோகநாதன் எப்போதும் இரண்டு நிமிஷம் முன்னால்தான் வருவான், நல்லவன்தான் அல்லவா. அவன் கேட்டைத் திறப்பதை, தூக்கி நின்ற பானட்டின் ஓரமாகப் பார்த்தாள், பார்த்திருக்கக் கூடாது, பார்த்ததும் கிளட்ச்சை மிதித்தோமா என்று சந்தேகம் வந்தது, மிதித்திருந்தாள், நியூட்ரலா, நியூட்ரல்தான். சாவியைத் திருப்பினாள். வண்டி முனகியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, பத்துக்கு மேல் திருகக் கூடாது, ஏழு, எட்டு, விட்டுவிட்டாள். எடுக்கவில்லை.

"என்ன சித்தி, நின்னு போச்சுங்களா?" லோகநாதன் குரலில் இரக்கம்தான் இருந்தது. ஒரு சொட்டு இளக்காரம் இருந்திருந்தாலும் அவளுக்குத் தெம்பு வந்திருக்கும். "எறங்குங்க, நான் பாக்கறேன்."

"நின்னா நான் சொல்றேன், நீ அப்படியே நில்லு" என்றார் அவர், படியில் இருந்து, கறுப்புக் கண்ணாடியோடு, கையை நீட்டிப் பஸ்ஸை நிறுத்துகிற போலீஸ்காரர் மாதிரி. "துளசி, முனகறப்போ மூணாவதுல ஒரு தும்மல் வந்துச்சு. கேட்டயா?"

கேட்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது, பயத்தில் நம்பவில்லை. இரண்டு பேர் காதிலும் விழுந்தது என்றால் அது தும்மல்தான். இரண்டு சூடு மறுபடி. கொஞ்சம் ஆக்ஸிலேட்டர். திருப்பினாள். முனகல், முனகல், ஒரு தும்மல், இன்னொன்று, வண்டியே ஒரு ஆட்டு ஆடி, மூன்று காலில் நொண்டுகிற மாதிரித் தடதடவென்று, நின்றுவிடும், நின்றுவிடும் என்று அவள் நினைக்க நினைக்க நிற்காமல், நாலாவது காலும் தரையில் ஊன்றி, அப்புறம் ஒரே சீராக, இருபது வருஷமாக அவள் தூக்கத்தில்கூட அடையாளம் தெரிந்துகொள்கிற அந்தச் சத்தமாக நிலைத்தது. இருக்கை அதிர்ந்தது, ஸ்டியரிங் அதிர்ந்தது, அவள் பல்லும் அதிர்ந்தது, கையை எடுக்க மனசில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். பின்னால் வெள்ளையாகப் புகை குபுகுபுவென்று வந்து ஷெட் முழுக்க நிறைந்தது.

லோகநாதன் மூக்கை உறிஞ்சினான். வாசல் பக்கம் பார்த்தான், சமையல்கட்டுப் பக்கம் பார்த்தான். "சித்தி, உள்ள ஏதோ பலகாரம் தீயுதுங்க."

"தீயலடா" என்றார் அவர். "பதமாத்தான் வேகுது. உங்க சித்தி வண்டிக்கு முறுக்குச் சுட்டுப் போடறா."

"நெசமாத்தான் சொல்றனுங் சித்தப்பா, தேங்கெண்ணெ வாசம்."

"நானும் நெசமாத்தான் சொல்றேன். பில்டர் மாத்துனா மொதல்ல ஒரு கரண்டி ஊத்தோணும். உனக்கு யாரும் சொல்லித் தரலயா?"

அவன் சிரிப்பதா நம்புவதா என்று தெரியாமல் நின்றான். துளசிமணிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "கேன் மாத்தி ஊத்திட்டேன் லோகு. போயிட்டு வந்து ரெண்டுலயும் வேற வேற பேரு எழுதி வெச்சிரலாம்" என்றாள். சொன்ன பிறகுதான் இதைக் கல்யாண வீடுகளில் சொல்வானே என்ற நினைப்பு வந்தது. சொல்லட்டும். வண்டி எடுத்தது என்பதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்.

"பில்டரை நீங்களேவா கழட்டுனீங்க?" என்றான் அவன்.

"நானேதான்."

அவன் போய்ப் பானட்டை இறக்கி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி மூடினான். பிறகு கேட் இரண்டையும் அகலத் திறந்து, பைக்கை ஓரமாக நகர்த்திவிட்டு நின்றான்.

அவர் கைத்தாங்கல் வேண்டாம் என்று எழுந்து, ஒரு கையால் வண்டியைத் தடவிக்கொண்டே வந்தார், டிக்கி, பின் கதவு, முன் கதவு, நேராக டிரைவர் பக்கம். கதவுக் கைப்பிடியில் கையும் வைத்துவிட்டார். உள்ளே அவள் உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை. இறங்கிவிடவா என்று அவளுடைய பழைய உடம்பு கேட்டது, இடது கால் கிளட்ச்சில் இருந்து எழுந்துகூட விட்டது. அதை மறுபடியும் கிளட்ச் மேலேயே வைத்தாள். அவர் கைப்பிடியில் இருந்து கையை எடுத்தார். பானட்டை ஒரு கையால் தொட்டுக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றினார், அதிர்வைக் கேட்கிற மாதிரி நடுவில் ஒரு கணம் நின்று, தலையை ஆட்டிக்கொண்டு, இடது கதவைத் திறந்து ஏறினார். பெல்ட் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் வலது தோளுக்கு மேலே துழாவினார். அவள் குறுக்கே சாய்ந்து, இடது பக்கத்தில் இருந்து இழுத்து மாட்டிவிட்டாள்.

சொட்டு மருந்து எடுத்தாயிற்றா, சீட்டு எடுத்தாயிற்றா, பால் அடுப்பை அணைத்தாயிற்றா, அணைத்தாயிற்று, அணைத்தது ஞாபகம் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள்.

"எங்க போகோணுமுங்க?" என்று கேட்டாள், ஸ்டாண்டில் நிற்கிற டிரைவர் கேட்கிற மாதிரி, முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "ஈரோடுங்க," என்றார். "திரும்பி வர்றதுக்கும் நீங்கதானுங்களே?"

"நான்தானுங்க" என்று சொல்லி முதல் கியரைப் போட்டாள். வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி, லோகநாதனைத் தாண்டி, முறுக்கு வாசத்தோடு தெருவுக்கு இறங்கியது.